மறு: விலக்கல் பிழை, சேர்த்தல் பிழை – மாற்றுச் சொல் பரிந்துரை

அன்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையைக் கடலூரிலிருந்து படித்து வருகிறேன். ஒரு நலத்திட்டத்தில் சேர வேண்டியவர் வெளியே நிற்பது ஒரு பிழை, சேரக் கூடாதவர் உள்ளே இருப்பது இன்னொரு பிழை. இரண்டுக்கும் நம் கலைச்சொல் பட்டியலில் ‘விலக்கல் பிழை’, ‘சேர்த்தல் பிழை’ என்று பெயர் வைக்க ஏறக்குறைய முடிவாகிவிட்டது. முடிப்பதற்கு முன் என் மறுப்பையும் கேட்டுவிடுங்கள்.

என் அத்தை பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைப்பவர். கொட்டையின் ஓட்டில் ஊறும் எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும். அதில் உள்ள அனகார்டிக் அமிலம் செய்கிற வேலை அது. விளக்கெண்ணெயும் சாம்பலும் தடவிக்கொண்டுதான் வேலைக்கு உட்காருவார். வருஷக்கணக்கில் இப்படி உடைத்து உடைத்து விரல் நுனிகள் வழவழப்பாகிவிட்டன. 2020 அக்டோபரில் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் கைரேகை முறை வந்த பிறகு, ஒரு மாதம் நான் கூடப் போயிருந்தேன். வலது கட்டை விரல், ஆள்காட்டி விரல், அப்புறம் இடது கை. முந்தானையில் துடைத்துவிட்டு, தலைமுடியில் தேய்த்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தார். “ரேகை விழலம்மா, நாளைக்கு வாங்க” என்றார் விற்பனையாளர். வெறும் பையோடு திரும்பும்போது அத்தை சொன்னார்: “மிஷினு என்னைத் தள்ளிடுச்சுடா.”

என் பரிந்துரை அந்தச் சொல்லிலிருந்து வருவதுதான்: தள்ளற்பிழை.

> ‘விலக்கல்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. புதுச் சொல் எதற்கு?

புழக்கத்தில் இருப்பதுதான் சிக்கல். வரிவிலக்கு, கட்டண விலக்கு, நீட் விலக்கு என்று நம் ஊரில் ‘விலக்கு’ என்பது மக்கள் கேட்டு வாங்குகிற சலுகை. செய்தித்தாளில் ‘விலக்கல் பிழை’ என்று பார்க்கிறவர், யாருக்கோ தவறாக வரிவிலக்கு கொடுத்துவிட்டார்கள் என்றே நினைப்பார். நாம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர் அது. ‘தள்ளு’ என்பதில் இந்தக் குழப்பம் வராது. மனு தள்ளுபடி என்றால் என்னவென்று படிக்காதவருக்கும் தெரியும். ‘தள்ளுபடி’ என்ற சொல்லையே எடுக்காததற்குக் காரணம், ஆடி மாதம் வந்தால் அது ஜவுளிக்கடைச் சொல்லாகிவிடும் என்பதே.

> முதல்வகைப் பிழை, இரண்டாம்வகைப் பிழை என்று புள்ளியியலில் இருக்கிறதே?

இருக்கிறது. எது முதல், எது இரண்டாவது என்று தேர்வு முடிந்த மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது. 1993-இல் கோர்னியா, ஸ்டூவர்ட் என்ற இரண்டு பொருளியலாளர்கள் நலத்திட்டங்களின் இந்த இரண்டு பிழைகளையும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். அவர்களும் பிழைக்கொரு ஆங்கில எழுத்தைத்தான் பெயரோடு ஒட்டினார்கள். எண்ணோ எழுத்தோ ஒட்டினால், யாருக்கு என்ன நேர்ந்தது என்பது மறைந்துபோகிறது.

எனக்கு இன்னொரு ஆசையும் உண்டு. பொருளியலுக்கு ஒரு சொல், கணினிக்கு ஒரு சொல் என்று பிரிக்காமல், இரண்டுக்கும் ஒரே இணை வேண்டும். ரேகைக் கருவி ‘இவர்தான்’, ‘இவரில்லை’ என்று நேராகக் கண்டுபிடிப்பதில்லை. வைத்த விரலுக்கும் பதிவில் இருக்கும் விரலுக்கும் எவ்வளவு ஒற்றுமை என்று மதிப்பெண் போடுகிறது. இத்தனைக்கு மேல் என்றால் அவர்தான் என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். கோட்டை உயர்த்தினால் வேற்று ஆளை ஏற்பது குறையும், உரிய ஆளைத் தள்ளுவது கூடும். தாழ்த்தினால் நேர்மாறு. அதே கருவியில் கோட்டை மட்டும் நகர்த்தி இரண்டையும் சேர்த்துக் குறைக்க முடியாது. வருமான வரம்பு வைத்துப் பயனாளிகளைப் பிரிப்பதிலும் இதேதான் நடக்கிறது. ஆகவே கோட்டை எங்கே போடுவது என்பதைப் பொறியாளர் மட்டும் முடிவு செய்துவிட முடியாது. எந்தப் பிழையை ஒரு சமூகம் பொறுத்துக்கொள்ளும், எதைப் பொறுக்காது என்ற அரசியல் கேள்வி அது.

1997-இல் மத்திய அரசு வறுமைக்கோட்டை வைத்து ரேஷனைப் பிரித்தபோது தமிழ்நாடு எல்லோருக்கும் என்ற முறையை விடவில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2016 நவம்பரில் சேர்ந்தபோதும் விடவில்லை. வசதியுள்ளவர் நாலு பேர் அரிசி வாங்கினாலும் பரவாயில்லை, பசித்தவர் ஒருவரும் விட்டுப்போகக் கூடாது என்று எடுத்த முடிவு அது. என் கணிப்பில் அது சரியான முடிவு. அரசுப் பணம் வீணாகிறது, போலி அட்டைகள் பெருகுகின்றன என்று எதிர்ப்பவர்களின் கவலையும் பொய்யல்ல. அவர்கள் அஞ்சுவது மற்ற பிழைக்கு. இரண்டு தரப்பும் ஒரே மேசையில் பேச வேண்டுமென்றால் இரண்டு பிழைக்கும் சம எடையுள்ள பெயர் வேண்டும்.

அந்த மற்ற பிழைக்கு முதலில் ‘கொள்ளற்பிழை’ என்று எழுதியிருந்தேன். கொள்ளல், தள்ளல் என்று தமிழில் இயல்பாக ஜோடி சேரும் சொற்கள்.

> காதில் ‘கொள்ளை’ என்று விழுகிறதே. இலவச அரிசி வாங்குபவரைத் திருடர் என்பதுபோல ஆகாதா?

ஆகும். இரண்டு நாள் யோசித்தேன், மாற்றிக்கொள்கிறேன். ‘ஏற்புப்பிழை’ என்று வைப்போம். விண்ணப்பமும் ஏற்கப்படும், ரேகையும் ஏற்கப்படும், இரண்டு இடத்துக்கும் பொருந்துகிறது.

> விதிப்படிதான் தள்ளினார்கள் என்றால் அதைப் பிழை என்று எப்படிச் சொல்வது?

இந்த இழையிலேயே கனமான கேள்வி இதுதான். 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையை எடுத்துக்கொள்வோம். மாதம் 1,000 ரூபாய், தொடக்கத்தில் ஒரு கோடியே 6 லட்சம் பெண்களுக்கு. எல்லோருக்கும் ஏன் இல்லை என்று அன்று தொடங்கிய சண்டை ஓயவில்லை. ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவானால் தகுதியில்லை என்பது விதிகளில் ஒன்று. ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் இருக்கும் வீட்டை நினைத்துப் பாருங்கள். மூவரும் ஏழைகள், மீட்டர் மட்டும் பணக்காரன். அங்கே ஒரு பெண்ணைத் தள்ளினால் விதியின் எழுத்துப்படி அது சரி, விதி எதற்காக வந்ததோ அந்த நோக்கத்தின்படி பிழை. நான் நோக்கத்தை வைத்தே அளக்கச் சொல்கிறேன். அந்தத் திட்டத்துக்கு உதவி என்று பெயர் வைக்கவில்லை, உரிமை என்று வைத்தார்கள். உரிமை உள்ளவரைத் தள்ளுவதைப் பிழை என்று சொல்லத்தான் வேண்டும். வேண்டுமென்றே எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டவர்களை, உதாரணமாக வருமான வரி கட்டுபவர்களை, ‘வரம்புக்கு வெளியோர்’ என்று தனியே குறிக்கலாம்.

2018 செப்டம்பரில் வந்த உச்ச நீதிமன்றத்தின் ஆதார் தீர்ப்பில் ஐந்து நீதிபதிகளில் சந்திரசூட் மட்டும் மாறுபட்டு எழுதினார். ரேகை பொருந்தாமல் உரியவர் விட்டுப்போவதைப் பற்றி அதில் விரிவாகப் பேசியிருக்கிறார். அந்தப் பகுதியைத் தமிழில் சொல்ல உட்கார்ந்தபோதுதான் சொல் இல்லாமல் திணறினேன். ‘அங்கீகாரத் தோல்வி’ என்று எழுதிப் பார்த்தேன். படித்தால் அத்தை ஏதோ தேர்வில் தோற்றதுபோல இருந்தது. தோற்றது அத்தையா, கருவியா?

புதுச்சேரி நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் 2015-இல் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் என்று மாறியது. அரிசியா பணமா என்ற சண்டை துணைநிலை ஆளுநருக்கும் முதல்வருக்கும் இடையே மூண்டு, 2020-இல் உயர் நீதிமன்றம் வரை போனது. 2024-இல் ரேஷன் கடைகள் மீண்டும் திறந்தன. பணமாக வந்த காலத்தில் தள்ளற்பிழை கடை வாசலிலிருந்து வங்கிக்கு இடம் மாறியிருக்கும். ஆதார் இணையாத கணக்கு, முடங்கிய கணக்கு என்று. ‘பணம் ஏறல’ என்று அங்கே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வேறு சொல் ஏதாவது புழங்கியிருந்தால் எழுதுங்கள், பதிவில் சேர்க்க வேண்டும்.

அகராதிப் பதிவுக்கு என் வரைவு:

தள்ளற்பிழை: உரியவரை உரியவரல்லர் எனத் தள்ளுவதால் நேரும் பிழை. (தள்ளல் + பிழை.) “ரேகை தேய்ந்த தொழிலாளர்களிடையே தள்ளற்பிழை மிகுதி.”

ஏற்புப்பிழை: உரியவரல்லாதவரை உரியவர் என ஏற்பதால் நேரும் பிழை. “வரம்பைத் தளர்த்தியதில் ஏற்புப்பிழை சற்றுக் கூடியது.”

ஞாயிறு இரவு வரை பார்க்கிறேன். வலுவான மறுப்பு வராவிட்டால் இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடலாமா?