ஏரிக்கரைக் கிராமத்தில் குடிநீர் நிலையம்: ஊரார் நம்பிக்கையைப் பெற வழி சொல்லுங்கள்

கென்யாவில் கிசுமு பக்கம், விக்டோரியா ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் சிறிய குடிநீர் நிலையம் நடத்துகிறோம். ஏரித் தண்ணீரை மணலில் வடிகட்டி, குளோரின் சேர்த்து, ஜெரிகேன் கணக்கில் குறைந்த விலைக்குக் கொடுக்கிறோம். கட்டணம் எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை வழியாக. வருவது பராமரிப்புக்கே சரியாக இருக்கும். போன மார்ச் மழைக்கு முன் திறந்தோம்.

கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், மறுநாள் ஏரிக்கே போகிறார்கள். இலவசமாகக் கொடுத்தபோது நல்ல கூட்டம். கட்டணம் வந்ததும் நின்றுவிட்டது. விலை மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. முன்பு வெளியாட்கள் போட்ட கைபம்பு பழுதாகி அப்படியே கிடக்கிறது. “நீங்களும் போய்விடுவீர்கள்” என்று ஒரு பாட்டி நேராகவே சொன்னார். நியாயமான பயம்தான்.

சீஃப் (அரசின் உள்ளூர் நிர்வாகி) கூட்டும் ‘பராசா’ என்ற ஊர்க்கூட்டத்தில் பேசிப் பார்த்தோம். லுவோ பேசும் உள்ளூர் இளைஞர்களையே வேலைக்கு வைத்தோம். குளோரின் வாடை பிடிக்கவில்லை என்றார்கள். அளவைச் சோதித்து, அவர்கள் முன்னாலேயே குடித்தும் காட்டினோம். வரவு செலவைச் சுவரில் ஒட்டினோம். எதுவும் பலிக்கவில்லை.

‘சாமா’ என்ற பெண்கள் சேமிப்புக் குழுவை மட்டும் ஊர் முழுக்க நம்புகிறது. இப்படிப்பட்ட இடங்களில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்: நிலையத்தின் சாவியையும் கணக்கையும் இப்போதே சாமாவிடம் கொடுத்துவிடலாமா, இல்லை இன்னொரு மழைக்காலம் நாங்கள் நடத்திக் காட்டிவிட்டுக் கொடுப்பது நல்லதா?