யானைக்கே காசில்லாத இடத்தில் பூஞ்சைக்கு எதற்கு?

வேர்முண்டு:
நேற்று வனவிலங்குத் திரியில் ஒருவர், "ஆப்பிரிக்காவில் யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் காவல் போடவே பணமில்லை, இதில் பூஞ்சையையும் காப்பாற்றணுமாம்" என்று எழுதிச் சிரித்திருந்தார். அங்கேயே பதில் போட்டால் திரி வேறெங்கோ போய்விடும் என்பதால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன்.

காப்பாற்றத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஜாம்பியா, மலாவி, தான்சானியா, மொசாம்பிக், அங்கோலா என்று பரந்து கிடக்கிற மியோம்போ காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணில் பெரிதாகச் சத்து கிடையாது. அங்கே ஓங்கி நிற்கும் பிராக்கிஸ்டீஜியா, ஜூல்பெர்னார்டியா மரங்களின் நுனிவேரைப் பூஞ்சை இழைகள் உறையாகச் சுற்றிக்கொண்டு, பாஸ்பரசையும் நைட்ரஜனையும் உறிஞ்சிக் கொடுத்துவிட்டு, கூலியாக மரத்திடம் சர்க்கரை வாங்கிக்கொள்கின்றன. மழை விழுந்ததும் காளானாக வெளியே வருவது இதே பூஞ்சைதான். இது இல்லாமல் என்ன ஆகும் என்பதைக் காலனிக் காலத்திலேயே பார்த்துவிட்டார்கள். பைன் மரம் வளர்க்க விதையை மட்டும் கொண்டுபோய்ப் போட்டார்கள், பல இடங்களில் நாற்று மஞ்சளடித்து நின்றது. ஏற்கெனவே பைன் வளர்ந்த தோட்டத்து மண்ணைக் கொண்டுவந்து நாற்றங்காலில் கலந்த பிறகுதான் தேறியது.

இவ்வளவு முக்கியமான கூட்டத்தை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எது எவ்வளவு அழியும் நிலையில் இருக்கிறது என்று ஐயுசிஎன் (உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) மதிப்பிட்டு வைக்கிற சிவப்புப் பட்டியலில், 2025 மார்ச் கணக்குப்படி 1,69,000க்கு மேல் உயிரினங்கள், அதில் பூஞ்சை வெறும் 1,300 சொச்சம்.

கரிசல்காரன்:
சிரித்த ஆள் நான்தான், பேரைச் சொல்லியே எழுதியிருக்கலாம் சகோ, கோபமெல்லாம் இல்லை.

சிங்கத்தைப் பார்க்க ஆள் விமானம் ஏறி வருகிறான், நுழைவுக் கட்டணம் கட்டுகிறான், அதில் ரேஞ்சருக்குச் சம்பளம் போகிறது. பூஞ்சையைப் பார்க்க எவன் வருவான்? அது போகட்டும், அதே பூஞ்சை செய்த வேலையையும் சொல்லுங்கள். 2004இல் கென்யாவின் கிழக்குப் பகுதியில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 317 பேர் படுத்தார்கள், 125 பேர் செத்தார்கள், எல்லாம் அஃப்ளடாக்சின் என்கிற பூஞ்சை நஞ்சு. தான்சானியாவில் கிஹான்சி அருவிச் சாரலில் மட்டும் இருந்த ஒரு குட்டித் தேரை, தவளை, தேரைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை வந்து சேர்ந்த கையோடு காட்டிலிருந்து துடைத்தெறிந்ததுபோல் போய்விட்டது. உயிரினப் பாதுகாப்பு என்று பேசும்போது இந்தப் பக்கத்தை மட்டும் மறைப்பது நியாயமா?

பழைய வாத்தியார்:
தம்பிமார், நான் எண்பதுகளில் ஜாம்பியாவில் செப்புச் சுரங்கப் பக்கத்தில் கணக்குப் படிப்பித்தவன். எங்கட ஆட்கள் நிறையப் பேர் அந்த நாளில் அங்கே வாத்தியாராக இருந்தோம். எவன் வருவான் என்று கேட்டீர்கள். மழைக்காலத்தில் நெடுஞ்சாலை ஓரம் முழுக்கப் பெண்கள்தான், எனாமல் பேசினில் காளானைக் குவித்து வைத்துக்கொண்டு, கார் நின்றால் ஓடி வருவார்கள். மஞ்சள், செம்மஞ்சள், சாம்பல் என்று ஒவ்வொரு வகைக்கும் பெம்பா மொழியில் தனிப் பேர், எது நஞ்சு எது நல்லது என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். கறையான் புற்றிலிருந்து வருகிற ஒன்று இருக்கிறது, விஞ்ஞானப் பேர் டெர்மிட்டோமைசீஸ் டைட்டானிக்கஸ், குடை ஒரு மீட்டர் அகலம் வரைக்கும் விரியும். பிள்ளைகள் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நிற்பார்கள். அதைத் தோட்டத்தில் வளர்க்கவும் ஏலாது, கறையான் புற்றுக்குள்ளே மென்று கூழாக்கிக் கட்டுகிற அடையில்தான் அது முளைக்கும்.

கவனிக்க வேண்டியது மாதத்தை. டிசம்பர், ஜனவரியில் போன வருடத்துச் சோளம் தீர்ந்திருக்கும், புதுச் சோளம் வயலில் பச்சையாக நிற்கும். காளான் வருவது சரியாக அந்த இடைவெளியில். விற்ற காசு நேரே தாயின் கைக்குப் போகும், உப்பு, எண்ணெய், பிள்ளைக்குக் கொப்பி.

கரிசல்காரன்:
ஐயா, நீங்கள் சொல்வதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் அதே ஊரில் 2024இல் என்ன நடந்தது? மழை பொய்த்தது, தேசியப் பேரிடர் என்று அறிவித்தார்கள், கரிபா அணையில் தண்ணீர் இறங்கி லுசாக்காவில் மணிக்கணக்கில் மின்வெட்டு. மின்னடுப்பு வைத்திருந்தவனெல்லாம் கரியடுப்புக்கு மாறினான். கரி மூட்டம் போடுகிறவனுக்கு வருடம் பூராவும் வருமானம், காளானுக்கு மிஞ்சிப்போனால் நாலு மாதம். ராத்திரிக்குப் பிள்ளைகளுக்கு ன்ஷீமா (மக்காச்சோளக் களி) கிண்டியாக வேண்டியவளிடம் போய் "மரத்தை வெட்டாதே, வேரில் பூஞ்சை இருக்கிறது" என்று சொல்லுவீர்களா?

வேர்முண்டு:
சொல்ல மாட்டேன், சொல்லவும் தேவையில்லை. மியோம்போ மரத்தை வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்துவிடும். வேர் உயிரோடு இருந்தால் பூஞ்சையும் ஒட்டிக்கொண்டிருக்கும், சில வருடம் போனால் காளான் மறுபடி வரும். கட்டையைப் பிடுங்கி டிராக்டர் விட்டு நிரந்தர வயலாக்கும்போதுதான் கதை முடிகிறது. மூட்டம் போட்ட இடத்தில் மண் வெந்துபோவதும் உண்மை, ஆனால் அது அந்த வட்டத்தோடு சரி. ஆக "கரியா காளானா" என்று கேட்பதே தப்பு, எப்படி வெட்டுகிறோம் என்பதுதான் கேள்வி. பூஞ்சையைக் கணக்கில் எடுத்தால்தான் இந்த வித்தியாசமே கண்ணுக்குத் தெரியும். மேலே இருந்து படம் எடுத்துப் பார்த்தால் இரண்டுமே "காடு அழிப்பு"தான்.

பழைய வாத்தியார்:
பெம்பா ஆட்களின் பழைய சித்தெமேனே விவசாயமும் இதுதான். மரத்தில் ஏறிக் கிளையை மட்டும் கழித்து, நடுவில் குவித்து எரித்து, சாம்பலில் கேழ்வரகு விதைப்பார்கள். அதை வெள்ளைக்காரன் நாசவேலை என்று தடுக்கப் பார்த்தான்.

மழைக்குருவி:
இடையில் நுழைகிறேன், தானியச் சோதனைக்கூடத்தில் வேலை, அஃப்ளடாக்சின்தான் எனக்குச் சோறு போடுகிறது. கரிசல் அண்ணே, கென்யாக் கணக்கு சரி. ஆனால் அதற்கு வயலில் வைக்கிற மருந்தும் பூஞ்சைதான். அந்த நஞ்சைச் செய்வது ஆஸ்பர்ஜில்லஸ் என்கிற பூஞ்சை. அதிலேயே நஞ்சு செய்யாத வகைகளை, முளைக்காதபடி வறுத்த சோளமணியில் ஏற்றி, கதிர் பூப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் வயலில் வீசுகிறார்கள். நல்லது இடத்தைப் பிடித்துக்கொண்டால் நஞ்சு வகைக்கு இடமில்லை. நைஜீரியாவில் இருக்கும் ஐஐடிஏ என்கிற வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் கொண்டுவந்த அஃப்ளாசேஃப் இதுதான். வெட்டுக்கிளிக்கும் மருந்து, பூச்சியைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சைதான், 2009இல் தான்சானியாவில் செவ்வெட்டுக்கிளிக்கு அடித்தார்கள், 2020 படையெடுப்பில் சோமாலியாவும் ரசாயனத்தை விட்டு இதற்குத்தான் போனது. நம்மூர் உரக்கடையில் பாக்கெட்டில் விற்கிற மெட்டாரைசியத்தின் பங்காளிதான் அது. கிஹான்சித் தேரையைச் சொன்னீர்கள், அணை கட்டி அருவித் தண்ணீரை மறித்துச் சாரலையே நிறுத்தியது யார்?

கரிசல்காரன்:
அணைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, தங்கச்சி. மெட்டாரைசியத்தை நானே பருத்திக்கு அடித்திருக்கிறேன். ஆனால் நீங்கள் சொன்னதெல்லாம் வேளாண்மை. ஆஸ்பர்ஜில்லஸ் ஒன்றும் அழிந்துகொண்டிருக்கவில்லை, வேலி போட்டுக் காக்கவும் தேவையில்லை. பயன்படுத்துவது வேறு, பாதுகாப்பது வேறு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி நிதி கேட்பதைத்தான் நான் சந்தேகப்படுகிறேன்.

மழைக்குருவி:
அஃப்ளாசேஃப் ஒவ்வொரு நாட்டுக்கும் அந்தந்த மண்ணிலிருந்து எடுத்த வகையில்தான் செய்யப்படுகிறது. ஆப்பிரிக்காவில் அடிக்கிற மெட்டாரைசியம், நைஜரில் செத்துக் கிடந்த ஒரு வெட்டுக்கிளியிலிருந்து பிரித்தது. முன்கூட்டியே யாரோ போய்த் தேடிச் சேகரித்து வைத்ததால்தான் கிடைத்தது. தேடுவதற்கே ஆள் இல்லை என்பதுதானே முதல் பதிவில் இருக்கிற குறை?

கரிசல்காரன்:
சரி, தேடுகிற ஆளுக்குச் சம்பளம் என்றால் ஒத்துக்கொள்கிறேன், வனத்துறையில் காளான் அடையாளம் தெரிந்த ஒருவரைப் போடுங்கள், யானைக்குப் போகிற காசில் கைவைக்க அது ஒன்றும் பெரிய தொகை இல்லை. "பூஞ்சைச் சரணாலயம்" என்று பலகை நட்டால் மறுபடி சிரிப்பேன்.

வேர்முண்டு:
சரணாலயம் யார் கேட்டது? கரி உரிமத்தில் "அடிக்கட்டையைப் பிடுங்கக் கூடாது" என்று ஒரு வரி, அவ்வளவுதான் கேட்கிறேன்.

கரிசல்காரன்:
உரிமம் வாங்கிக்கொண்டா எல்லாரும் மூட்டம் போடுகிறார்கள்? அந்த வரியை யார் படிப்பார்கள், காட்டுக்குள் போய் யார் பார்ப்பார்கள்?

பழைய வாத்தியார்:
காளான் பொறுக்கப் போகிற பெண்கள் பார்ப்பார்கள், எந்தக் கட்டையடியில் எது முளைக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களுக்கு அந்தக் காட்டில் உரிமை எழுதிக் கொடுப்பார்களா என்பதைப் பேசுங்கள்.