அந்தச் சேர்வரை அணைக்க விடாதவள்

வெள்ளவத்தைவாசி:
கொழும்பில் ஒரு பல்கலைக்கழகக் கணினி மையத்தில் பதினொரு வருடம் சேர்வர்களைப் பார்த்துக்கொண்டேன். கணினிப் பாதுகாப்புக்கென்று தனிக் குழு அமைத்தபோது அதிகம் முணுமுணுத்தவன் நான்தான். நாங்கள் என்ன, கதவைத் திறந்துபோட்டுவிட்டா தூங்குகிறோம்?

போயா என்ற பௌர்ணமி விடுமுறையோடு சேர்ந்து வந்த நீண்ட விடுமுறை முடிந்து காலையில் போனால், ஆய்வுகூடச் சேர்வரின் விசிறி மாவரைக்கும் மில் போல இரைகிறது. யாரோ உள்ளே புகுந்து ஓயாமல் கணக்குப் போட்டுக் கிரிப்டோ நாணயம் சம்பாதிக்கும் நிரலை ஓடவிட்டிருக்கிறார்கள். மறுநாள் பரீட்சைப் பதிவு. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவினால் இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். கை அதற்குப் பரபரத்தது.

நான் தங்கச்சி என்று கூப்பிடும் பாதுகாப்புக் குழுப் பிள்ளை படியேறி ஓடிவந்தாள். "அண்ணா, பவரை அணைக்காதீர்கள். நெட்வேர்க் வயரை மட்டும் கழற்றுங்கள்." அணைத்தால் தற்காலிக நினைவகத்தில் இருப்பதெல்லாம் போய்விடுமாம். முதலில் அதைப் பிரதியெடுத்தாள். பிறகு டிஸ்க் முழுவதையும். நான்கு மணி நேரம். நான் மூன்று பிளேன்டீ குடித்தேன்; பீடத்திலிருந்து தொலைபேசி அடித்தபடியே இருந்தது.

யார் எப்போது நுழைந்தார்கள் என்று சேர்வர் குறித்துவைக்கும் பதிவேட்டைப் புரட்டினால், வந்தவர் விடுமுறையில் வரவில்லை. மூன்று வாரங்களுக்கு முன்பே வந்துவிட்டார். நுழைந்த வழி, சோதனைக்காக நான் திறந்து மறந்துபோன 'டெஸ்ட்' கணக்கு. கடவுச்சொல்லும் அதே சொல். அதே கணக்கு இன்னும் இரண்டு சேர்வர்களில் இருந்தது. நான் அன்று அழித்திருந்தால் அவை இரண்டும் வெளிவந்தே இருக்காது. என் தவறை நானே விசாரித்து என்ன அறிக்கை எழுதியிருப்பேன் என்று நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

100ஆம் இலக்க பஸ்:
உங்களுக்கு நல்ல பிள்ளை வாய்த்திருக்கிறாள், அண்ணா. எங்கள் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்புக் குழு கேட்காமல் கொள்ளாமல் ஒரு போர்ட்டை, அதாவது நெட்வேர்க்கில் தரவு போய்வரும் ஒரு வாசலை, மூடியது. ஆறு நாளாக ஓடிய என் வானிலைக் கணக்கீடு பாதியில் நின்றது. அந்தக் குழுவின் பொறுப்பாளர் வங்கியிலிருந்து வந்தவர். அங்கே எல்லாவற்றையும் பூட்டிவைக்கலாம். இங்கே வெளிநாட்டு ஆய்வாளர் தன் மடிக்கணினியோடு வந்து எடுரோம் என்ற, பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான வைஃபையில் இணைவார், மாணவர்கள் ஆண்டுதோறும் மாறுவார்கள். யார் எதை ஓட்டுகிறார்கள் என்று துறைத் துறையாகப் போய்க் கேட்க அவருக்கு ஒரு வருடம் பிடித்தது. இப்போது மூடுவதற்கு முன் அழைப்பு வருகிறது.

கொட்டாஞ்சேனை:
இதற்கெல்லாம் ஏன் செலவு என்று கேட்பவர்களிடம் நான் மாஸ்ட்ரிக்ட் கதையைத்தான் சொல்வேன். நெதர்லாந்தின் அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் 2019 ஒக்டோபரில் ஒரு பொய் மின்னஞ்சல் வழியாகப் புகுந்தார்கள். டிசம்பரில்தான் கோப்புகளைப் பூட்டினார்கள். கேட்ட கப்பம் 30 பிட்கொயின், பல்கலைக்கழகம் கட்டியது. புகுந்ததற்கும் பூட்டியதற்கும் இடையில் இரண்டு மாதங்கள்! அண்ணாவின் மூன்று வாரமும் அதே ரகம்தான்.

வெள்ளவத்தைவாசி:
உண்மை. அந்தக் கணக்கைத் திறந்தது எந்த வருடம் என்றும் தங்கச்சி கேட்டாள். அதை அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன்.