ஸ்கில் லேபில் சரியாகச் செய்யும் மாணவிகள் வார்டில் மருந்து கொடுக்கத் தடுமாறுவது ஏன்?

கேள்வி: டியூட்டர்_மருத்துவவார்டு

வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் செமஸ்டர், பத்து பேர் கொண்ட குழு, 40 படுக்கை உள்ள ஆண்கள் மருத்துவ வார்டு, நாலு வார போஸ்டிங். ஸ்கில் லேபில் (செய்முறைப் பயிற்சிக் கூடம்) மேனிகின் பொம்மைமேல ஐ.எம். ஊசி (தசையில போடுறது) போடச் சொன்னா செக்லிஸ்ட்ல ஒரு படிகூட விடாம செய்யுறாங்க. வார்டில் அதே பிள்ளை வயலை (மருந்துக் குப்பி) கையில வச்சுக்கிட்டு எத்தனை மி.லி. எடுக்கணும்னு தெரியாம நிக்குறா. டிரிப் ரேட் (நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு) கேட்டா ஃபார்முலாவை ஒப்பிக்கிறாங்க. பாட்டில் பக்கத்துல நின்னு செட் பண்ண வரல. சார்ட்ல மூச்சு எண்ணிக்கை எல்லா நோயாளிக்கும் 20. லேபில் எதை மாத்தணும், வார்டில் எந்த வரிசையில விடணும்னு அனுபவமுள்ளவங்க சொல்லுங்க.

பதில் 1: ஸ்கில்லேப்_பொறுப்பாளர்

உங்க செக்லிஸ்ட் கையை மட்டும்தான் சோதிக்குது மேடம். லேபில் மருந்து, அளவு, ஊசி போடும் இடம் எல்லாத்தையும் நாமே சொல்லிடுறோம். வார்டில் அந்த முடிவுகளை மாணவியே எடுக்கணும், அங்கதான் நின்னுடுறாங்க. அதனால லேபிலேயே ட்ரேயோட ஒரு ட்ரீட்மென்ட் சார்ட்டையும் கொடுங்க. டாக்டர் எழுதுற மாதிரியே, சுருக்கெழுத்தோட, அவசரக் கையெழுத்துல இருக்கட்டும். மருந்தைத் தேர்ந்தெடுத்து, லேபிள் படிச்சு, கணக்குப் போட்டு முடிச்ச பிறகுதான் சிரிஞ்சைத் தொடணும்.

காலாவதியான வயல்களைக் கேட்டு வாங்கி வச்சுக்கலாம். "பயிற்சிக்கு மட்டும்"னு பெரிசா ஒட்டி, பூட்டி வைங்க; ஒண்ணுகூட வார்டுப் பக்கம் போகக்கூடாது. கட்டாயம் வேண்டியவை மூணு.

முதலாவது ஹெப்பாரின் (ரத்தம் உறையாம தடுக்கிற மருந்து). 5 மி.லி. வயலில் மொத்தம் 5,000 யூனிட் உள்ளதும் உண்டு, 25,000 யூனிட் உள்ளதும் உண்டு. 5,000 யூனிட் ஆர்டருக்கு முதல் வயல் முழுசும் வேணும். இரண்டாவதுல 1 மி.லி. போதும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எடுக்கச் சொல்லுங்க. மி.லி.க்கு எத்தனை யூனிட்டுங்கிற வரியைத் தேடிப் படிக்கிற பழக்கம் தானா வந்துடும்.

இரண்டாவது இன்சுலின். நம்ம ஊர் வார்டுகள்ல மி.லி.க்கு 40 யூனிட் (யு-40) வயலும் இருக்கு, 100 யூனிட்டும் (யு-100) இருக்கு. சிவப்பு மூடி சிரிஞ்சு யு-40, ஆரஞ்சு மூடி யு-100. சிவப்பு மூடி சிரிஞ்சில் 10ங்கிற கோடு 0.25 மி.லி. அதுல யு-100 இன்சுலினை இழுத்தா 10 யூனிட்டுக்குப் பதில் 25 யூனிட் உள்ளே போகும். இந்த ஒரு கணக்கை ஒவ்வொருத்தரும் பேப்பர்ல போட்டுக் காட்டாம போஸ்டிங்குக்கு அனுப்பாதீங்க.

மூன்றாவது செஃப்ட்ரியாக்சோன் (ஆன்டிபயாடிக்) 1 கிராம். எதுல கரைக்கணும், எவ்வளவு நேரத்துல கொடுக்கணும், ரிங்கர் லாக்டேட் (ஒரு வகை டிரிப் திரவம்) ஓடிட்டிருக்கிற லைன்ல ஏன் போடக்கூடாது (அதிலுள்ள கால்சியத்தோட சேர்ந்து படிவாகும்) என மூணு கேள்வியையும் ஊசி போடுறதுக்கு முன்னாடியே கேளுங்க.

செய்து காட்டும்போது பெய்டனின் நாலு படி முறையை முழுசா பின்பற்றுங்க. முதல்ல பேசாம வழக்கமான வேகத்துல செய்யணும். அடுத்து விளக்கிக்கிட்டே மெதுவா செய்யணும். மூணாவதா மாணவி ஒவ்வொரு படியா சொல்ல, அவ சொன்னதை மட்டும் நீங்க செய்யணும். கடைசியா அவளே சொல்லிச் செய்யணும். நேரம் பத்தாம பெரும்பாலும் மூணாவது படிதான் விடுபடுது. அதுலதான் எது மண்டையில ஏறல என்பது பளிச்சுனு தெரியும்.

பதில் 2: ஐவி_சிஸ்டர்

டிரிப் பத்தி மட்டும் சொல்றேன். 500 மி.லி. நாலு மணி நேரத்துல போகணும், செட் (டிரிப் குழாய்) மி.லி.க்கு 20 சொட்டுன்னா: 500 × 20 ÷ 240 = 41.7, அதாவது நிமிஷத்துக்கு 42. இதுவரைக்கும் எல்லாரும் சொல்லிடுவாங்க. 42ஐ ஒரு நிமிஷம் முழுசா எண்ணிக்கிட்டே கிளாம்ப்பை (வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு) திருப்ப முடியாது, அங்க சிக்கிடுறாங்க. 15 செகண்டுக்குப் பத்து அல்லது பதினொண்ணுன்னு மாத்திக் கொடுங்க. கடிகாரத்தை சேம்பர் (சொட்டு விழுற சின்னக் கூடு) உயரத்துக்குத் தூக்கிப் பிடிச்சா ரெண்டையும் ஒரே பார்வையில பார்க்கலாம். செட் உறைமேல சொட்டு எண்ணிக்கை அச்சடிச்சிருக்கும், அதைப் படிக்காம கணக்குப் போடக்கூடாது. மைக்ரோ செட்டுல 60 சொட்டு ஒரு மி.லி., அதனால மணிக்கு எத்தனை மி.லி.யோ அதே எண்தான் நிமிஷச் சொட்டு.

செட் பண்ணிட்டு நகர்ந்துடுறதும் தப்பு. நோயாளி கையை மடக்கினாலோ, எழுந்து உட்கார்ந்தாலோ வேகம் மாறும். 15 நிமிஷம் கழிச்சு திரும்ப எண்ணணும். பாட்டில்ல ஒரு பட்டை பிளாஸ்டர் ஒட்டி, ஆரம்ப நேரம், மணிக்கு மணி எந்த மட்டத்துல இருக்கணும்னு கோடு போடச் சொல்லுங்க. அடுத்த ஷிஃப்ட் சிஸ்டருக்கும் அது உதவும்.

பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலை (உடைச்சுத் திறக்கிற சின்னக் கண்ணாடிக் குப்பி) மாணவிகள் தொடவே வேண்டாம். நேரடியா ஐ.வி.யில போட்டா இதயம் நின்னுடும். கலந்த பாட்டில் ஓடுறப்போ எதைக் கவனிக்கணும்னு மட்டும் கற்பிங்க.

பதில் 3: கல்லூரி_பேராசிரியை

முதல் பதிலில் உள்ளது சரி. ஆனால் செக்லிஸ்ட்டைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். கை பழகாத மாணவிக்கு முடிவெடுக்கும் நிதானமும் வராது. இரண்டையும் தனித்தனி நாளில் மதிப்பிடுங்கள்.

வார்டு வரிசை பற்றி. முதல் வாரம் மருந்தே வேண்டாம். ஆளுக்கு ஒரு நோயாளி, முழுப் பராமரிப்பு, வைட்டல்ஸ் (நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், வெப்பநிலை). இரண்டாம் வாரம் மாத்திரைகள். மூன்றாம் வாரம்தான் ஊசி. காலை எட்டு மணி மருந்துக்குப் பத்துப் பேரையும் ட்ரே தூக்க விட்டால் உங்களால் ஒருவரையும் கவனிக்க முடியாது. நாளுக்கு மூன்று பேர் மட்டும், ஒருவர் முடித்த பின் அடுத்தவர். மற்ற ஏழு பேருக்கு டிரஸ்ஸிங், நெபுலைசர், உணவு, நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது என்று வேலையைப் பிரித்துப் பெயரோடு எழுதி, சார்ஜ் சிஸ்டரிடம் முதல் நாளே ஒரு தாள் கொடுத்துவிடுங்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் மாணவிகள் லேபுக்கு ரத்தம் கொண்டுபோவதிலேயே நாள் கழிந்துவிடும்.

லேபிளைப் படிப்பது மூன்று முறை: அலமாரியிலிருந்து எடுக்கும்போது, சிரிஞ்சில் ஏற்றும்போது, படுக்கை அருகே. நோயாளியை உறுதி செய்வதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. "நீங்கதானே முருகேசன்?" என்று கேட்டால், காது மந்தமான பெரியவர் தலையாட்டிவிடுவார். "உங்க பேர் என்னங்க ஐயா?" என்று அவரைச் சொல்ல வைத்து, ஐ.பி. எண்ணை (உள்நோயாளி எண்) கேஸ் ஷீட்டோடு ஒப்பிட வேண்டும். படுக்கை எண் அடையாளம் ஆகாது. ரவுண்ட்ஸ் முடிந்ததும் படுக்கை மாறியிருக்கும்.

எல்லோருக்கும் 20 என்று எழுதுவதை அறிவுரையால் நிறுத்த முடியாது. அதே நோயாளிக்கு, அதே நிமிடம், நீங்களும் தனியாக எண்ணி ஒப்பிடுங்கள். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்தபடியே நெஞ்சின் அசைவை 60 விநாடி எண்ண வேண்டும். எண்ணுவது தெரிந்தால் நோயாளி மூச்சை மாற்றிவிடுவார். பிறகு காரணத்தைச் சொல்லுங்கள்: நோயாளி மோசமாவதை முன்கூட்டியே காட்டும் நியூஸ் 2 மதிப்பீட்டில், நிமிடத்துக்கு மூச்சு 12 முதல் 20 வரை பூஜ்யம், 21 முதல் 24 வரை 2 புள்ளி, 25ம் அதற்கு மேலும் 3 புள்ளி. 26 மூச்சு விடும் நிமோனியா நோயாளிக்கு 20 என்று எழுதினால், டாக்டரைக் கூப்பிட வேண்டிய நேரம் கைநழுவிப் போகிறது.

கேட்டவர்: டியூட்டர்_மருத்துவவார்டு

மிக்க நன்றி மேடம். மூணாம் வாரம் ஊசி தொடங்கும் முன் ஊசி குத்திக்கொள்ளும் ஆபத்துக்கு என்ன தயார் பண்ணணும்?

பதில் 4: தொற்றுத்தடுப்பு_நர்ஸ்

ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதம் என மூன்று தவணை. அதனால் முதல் செமஸ்டரிலேயே தொடங்கியிருக்கணும். மூன்றாவது தவணைக்குப் பின் ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டிபாடி டைட்டர் (ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியின் அளவு) பார்த்து, 10 mIU/mL-க்குக் குறைவாக இருப்பவர்களைத் தனியாகக் குறிச்சு வைங்க.

பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடக்கூடாது. குத்துறது அதிகமா நடப்பது அந்த நேரத்துலதான். வெள்ளை ஷார்ப்ஸ் டப்பாவோ (கூரான கழிவுகளுக்கானது) நீடில் டெஸ்ட்ராயரோ (ஊசியை அழிக்கிற கருவி) ட்ரேயோட சேர்ந்து படுக்கைக்குப் போகணும், வார்டு மூலையில இருந்தா பயனில்லை. ஊசி நீக்கிய சிரிஞ்சு சிவப்புக் கழிவுப் பையில, உடைந்த ஆம்பியூல் நீலப் பெட்டியில.

குத்திட்டா சோப்பும் ஓடுற தண்ணியும் போட்டுக் கழுவணும். பிதுக்கக் கூடாது, வாயில வைக்கக் கூடாது. உடனே உங்ககிட்ட சொல்லணும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிஞ்சா 2 மணி நேரத்துக்குள்ள, அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள்ள தொடங்கி 28 நாள் சாப்பிடணும். திட்டுக்குப் பயந்து சாயங்காலம் வரைக்கும் மறைக்கிற பிள்ளைங்க உண்டு. "யாருக்குக் குத்தினாலும் மார்க் குறையாது"ன்னு முதல் நாளே எல்லார் முன்னாடியும் சொல்லி, அந்த மருந்து இரவு நேரத்துல மருத்துவமனையில எங்க கிடைக்கும், யாரைக் கூப்பிடணும்னு எழுதி ஆளுக்கொரு தாள் பாக்கெட்ல வைக்கச் சொல்லுங்க.