ஆஃப்டர் ஸ்கூல் கிராண்ட் முடிகிறதாம், பெற்றோர் நாமே விண்ணப்பிக்க முடியுமா?

ஓடைக்கரை செந்தில்

வணக்கம். நியூ ஜெர்சியில் ஒரு பழைய ஆலை நகரத்தில் வாடகைக்கு இருக்கிறோம், ஊர்ப்பெயர் வேண்டாம். மகள் நான்காம் வகுப்பு, பப்ளிக் ஸ்கூல். தெரிந்தவர்கள் பாதிப் பேர் பள்ளிக்கூடத்துக்காகவே எடிசன் பக்கம் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். நாங்கள் போகவில்லை, அது தனிக்கதை.

மூன்று மணிக்குப் பள்ளி விட்டதும் ஆறு மணி வரை அங்கேயே ஆஃப்டர் ஸ்கூல் நடக்கிறது. காசு கிடையாது. வீட்டுப்பாடம் முடிக்க வைப்பார்கள், செவ்வாயும் வியாழனும் ரோபாட்டிக்ஸ், வெள்ளிக்கிழமை வயலின். இருவரும் வேலைக்குப் போகிறோம், ஆகவே எங்களுக்கு வயலினை விட அந்த மூன்று மணி நேரம்தான் பெரிது. போன வாரம் மகளின் பையில் ஒரு கடிதம், மூன்றே வரி. கிராண்ட், அதாவது மானியம், அதன் காலம் முடிவதால் வரும் செப்டம்பரிலிருந்து நிகழ்ச்சி இருக்காதாம். யார் கொடுத்த கிராண்ட், எவ்வளவு, ஏன் புதுப்பிக்கவில்லை, ஒன்றும் இல்லை. ஆபீஸில் கேட்டால் "டிஸ்ட்ரிக்டில் கேளுங்கள்", ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கிற அந்த டிஸ்ட்ரிக்டுக்குப் போன் போட்டால் "உங்கள் பிரின்சிபலிடம் கேளுங்கள்".

வாட்ஸாப் குழுவில் ஒருவர் ஆளுக்கு 200 டாலர் போட்டு நாமே நடத்தலாம் என்கிறார். அங்கே வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் 200 டாலர் எடுத்து வைக்க முடியாது என்று எனக்குத் தெரியும், அதனால் வாயைத் திறக்கவில்லை. பெற்றோர் நாமே கிராண்டுக்கு விண்ணப்பிக்க வழி உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

செந்தில், நான் இதே மாநிலத்தில் வேறொரு நகர டிஸ்ட்ரிக்டில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கிராண்ட் பணத்துக்குக் கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. விண்ணப்பிப்பதைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் அது எந்தப் பணம் என்று கண்டுபிடியுங்கள். யாரிடமும் கேட்காமலே கண்டுபிடிக்கலாம்.

டிஸ்ட்ரிக்ட் வலைத்தளத்தில், அதை நடத்துகிற குழுவான போர்டின் மீட்டிங் அஜெண்டாக்கள் கிடக்கும், ஒவ்வொன்றும் நூறு, நூற்றைம்பது பக்கம், யாரும் படிக்க மாட்டார்கள். உங்கள் ஆஃப்டர் ஸ்கூல் ஆசிரியர்களுக்கு மணிக்கணக்கில் சம்பளம் கொடுக்க போர்டு ஒப்புதல் தந்த தீர்மானத்தைத் தேடுங்கள். பக்கத்தில் நீளமாக ஒரு கணக்கு எண் இருக்கும். நியூ ஜெர்சியில் அது 11 என்று தொடங்கினால் டிஸ்ட்ரிக்டின் பொதுப்பணம், 20 என்று தொடங்கினால் கிராண்ட். 20-க்குப் பின்னால் வரும் மூன்று இலக்கம் எந்த கிராண்ட் என்று சொல்லிவிடும். 20-487 என்று கண்டால் அது கோவிட் பணம்.

அந்தக் கோவிட் பணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நாடு முழுக்க இப்போது வருகிற இந்த மாதிரிக் கடிதங்களில் பலவற்றுக்கு மூலம் அதுதான். 2020 மார்ச், 2020 டிசம்பர், 2021 மார்ச் என்று மூன்று தவணையாகப் பள்ளிகளுக்கு மொத்தம் ஏறக்குறைய 19,000 கோடி டாலர் வந்தது. கடைசித் தவணை மட்டும் 12,200 கோடி. அதில் ஐந்தில் ஒரு பங்கையாவது படிப்பில் பின்தங்கியதை ஈடுகட்டச் செலவழிக்க வேண்டும் என்று சட்டமே சொன்னது, அதனால் எல்லா ஊரிலும் கோடை வகுப்பு, ஆஃப்டர் ஸ்கூல், டியூஷன் என்று முளைத்தன. 2024 செப்டம்பர் 30-க்குள் செலவை உறுதி செய்துவிட வேண்டும் என்பதும் முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்தேதான் ஆரம்பித்தார்கள். நானே அந்த வவுச்சர்களில் கையெழுத்துப் போட்டவன், அதனால் யாரையும் திட்டுகிற தகுதி எனக்கு இல்லை.

அது இல்லையென்றால் இருபத்தோராம் நூற்றாண்டு சமுதாயக் கற்றல் மையங்கள் என்ற ஃபெடரல், அதாவது அமெரிக்க மத்திய அரசின், கிராண்டாக இருக்கலாம். பெயர்தான் நீளம், ஆஃப்டர் ஸ்கூலுக்கென்றே இருக்கிற ஃபெடரல் பணம் அது ஒன்றுதான், வருடத்துக்குச் சுமார் 130 கோடி டாலர். மாநிலம் போட்டி வைத்துக் கொடுக்கும், மூன்று முதல் ஐந்து வருடம் வரை. முடிந்தால் பெரும்பாலும் மறுபடியும் போட்டிதான். டிஸ்ட்ரிக்ட் தனியாகப் போடுவதை விட உள்ளூர் அமைப்பு ஒன்றுடன் சேர்ந்து போட்டால் முன்னுரிமை உண்டு. 2025 ஜூலை முதல் தேதி பள்ளிகளுக்கு வர வேண்டிய சுமார் 680 கோடி டாலரை வாஷிங்டன் நிறுத்தி வைத்ததே, அதில் இதுவும் மாட்டியது. அந்த மாதத்துக்குள் விட்டுவிட்டார்கள், சரி, ஆனால் மூன்று வாரம் எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் ஒழுங்காகத் தூங்கவில்லை.

பெற்றோராகத் தனியாளாக இதற்கெல்லாம் விண்ணப்பிக்க முடியாது. பி.டி.ஏ., அதாவது பெற்றோர் ஆசிரியர் சங்கம், லாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிவாகியிருந்தால் தனியார் அறக்கட்டளைகளிடம் கேட்கலாம். ஃபெடரல் பணத்துக்குப் போகவேண்டாம். முதலில் உங்கள் கையிலிருந்து செலவழித்து, ரசீது அனுப்பி, பிறகுதான் திரும்ப வாங்க வேண்டும். யார் எந்த மணி நேரம் எந்த கிராண்டில் வேலை செய்தார் என்று கையெழுத்துப் பதிவும் வேண்டும். வங்கியில் நாலாயிரம் டாலர் வைத்திருக்கிற பி.டி.ஏ.வால் இதைத் தாங்க முடியாது.

மயிலாப்பூர் மீனா

கணக்குப்பிள்ளை அண்ணா சொன்னது எல்லாம் சரி, நான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். இரண்டு வருடம் பி.டி.ஏ. பொருளாளராக இருந்து அடிபட்டவள்.

செந்தில், 200 டாலர் யோசனையை அப்படியே விடுங்கள். நாங்கள் செய்து பார்த்தோம். வயலின் வகுப்புக்கென்று சமோசா விற்று, தீபாவளி மேளா போட்டு, ஒரு உள்ளூர் அறக்கட்டளையிடம் 5,000 டாலரும் வாங்கினோம். வயலின்கள் வந்தன, ஆசிரியரும் கிடைத்தார். கடைசியில் எதில் நின்றது தெரியுமா? ஐந்து மணிக்கு மேல் கட்டடத்தைத் திறந்து வைத்திருக்க, அதைப் பராமரிக்கிற கஸ்டோடியனுக்கு ஓவர்டைம் கொடுக்க வேண்டும், காப்பீட்டுச் சான்றிதழ் வேண்டும், அதற்கு யாரும் பணம் ஒதுக்கவில்லை. வயலின் வாங்கத் தருகிறேன் என்கிற கொடையாளி கதவு திறக்கத் தர மாட்டார், அவருக்குப் படம் எடுத்துப் போட வயலின்தான் வேண்டும். எட்டு வயலினும் நூலக அலமாரிக்குள் ஒரு வருடம் இருந்தன. அலமாரிச் சாவி என்னிடம்தான் இருந்தது, அதனால் அந்த அலமாரியைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரியாக இருக்கும்.

அதனால் எங்கே பணம் கேட்டாலும் கஸ்டோடியன், காப்பீடு, தின்பண்டம், பஸ், இந்த நான்கையும் முதலில் எழுதுங்கள். ரோபாட்டைக் கடைசியில் எழுதுங்கள். ரோபாட்டுக்கு எப்படியும் யாராவது கொடுப்பார்கள்.

இன்னொன்று, இது நம் ஆட்களுக்கு. செப்டம்பரில் ஒரு வருமானப் படிவம் வீட்டுக்கு வரும். உங்கள் பள்ளியில் எல்லோருக்கும் மதிய உணவு இலவசம் என்றால் சாதாரண லஞ்ச் படிவத்துக்குப் பதில் வேறு பெயரில் வரும். "சாப்பாடுதான் எப்படியும் இலவசமாயிற்றே, நம் சம்பளத்தை எதற்கு எழுத வேண்டும்" என்று எத்தனை பேர் குப்பையில் போட்டார்கள் என்று எனக்குத் தெரியும், நானே முதல் வருடம் போட்டேன். பள்ளியில் எத்தனை குறைந்த வருமானக் குடும்பம் என்ற எண்ணிக்கையை வைத்துத்தான் மாநில உதவி வருகிறது. உங்கள் சம்பளம் அதிகமென்றாலும் பரவாயில்லை, பக்கத்து வீட்டுக்காரருக்கு உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். எங்கள் மாடியில் இருந்த ஹோண்டுரஸ் குடும்பத்துக்கு நான் நிரப்பிக் கொடுத்தேன். ஸ்பானிஷ் எனக்கு வராது, தமிழ் அவர்களுக்கு வராது, பத்து நிமிடத்தில் முடிந்தது.

அப்புறம் ஐ.டி. கம்பெனியில் இருப்பவர்கள் கொடுக்கிற ஒவ்வொரு டாலருக்கும் கம்பெனியும் ஒன்று போடும் திட்டம் இருக்கிறதா பாருங்கள். பல இடங்களில் உண்டு, கேட்பவர்தான் இல்லை. ஆசிரியர் ஒருவர் முன்வந்தால் டோனர்ஸ்சூஸ் தளமும் உண்டு, 2000-இல் பிராங்க்ஸ் ஆசிரியர் ஒருவர் தொடங்கியது. அங்கே பணமாகத் தர மாட்டார்கள், கேட்ட பொருளை வாங்கிப் பள்ளிக்கே அனுப்புவார்கள். பொருளுக்கு நல்லது, சம்பளத்துக்கு ஆகாது.

நெவார்க் வாத்தியார்

ஓய்வு பெற்றவன், நெவார்க்கில் கணிதம் சொல்லிக் கொடுத்தவன். நல்ல யோசனைகள்தான் எல்லாம், ஆனால் கிராண்ட் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு 2010 செப்டம்பர்தான் நினைவு வரும். ஓப்ராவின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஃபேஸ்புக்கின் மார்க் ஸக்கர்பெர்க், எங்கள் அப்போதைய மேயர் கோரி புக்கர், கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி மூன்று பேரும் உட்கார்ந்து நெவார்க் பள்ளிகளுக்கு 10 கோடி டாலர் என்று அறிவித்தார்கள். இணையாக இன்னொரு 10 கோடி திரட்டினார்கள். ஊரில் இருந்த நாங்கள் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். எங்கள் பள்ளிகள் அப்போது 1995 முதலே மாநிலத்தின் பிடியில் இருந்தன, உள்ளூர் போர்டுக்கு ஓட்டு இருந்தும் அதிகாரம் இருக்கவில்லை.

20 கோடி என்றால் ஊரே மாறிவிடும் என்று நினைப்பீர்கள். டிஸ்ட்ரிக்டின் ஒரு வருட பட்ஜெட் மட்டும் அப்போது 100 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவு. ஐந்து வருடத்துக்குப் பரப்பினால் வருடத்துக்கு நாலு சதவீதம், சாம்பாரில் பெருங்காயம் மாதிரி. அதிலும் இரண்டு கோடிக்கு மேல் ஆலோசகர்களுக்குப் போனது, நாளுக்கு ஆயிரம் டாலர் வாங்கியவர்களும் அதில் உண்டு. பெரும் பங்கு ஆசிரியர் ஒப்பந்தத்துக்கும் அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தில் நடக்கிற சார்ட்டர் பள்ளிகளுக்கும் போனது. ஒப்பந்தத்தில் எனக்கும் நிலுவைச் சம்பளம் வந்தது, மறைக்க மாட்டேன், வீட்டுக் கூரை மாற்றினேன். 2017-இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் பார்த்துச் சொன்னது: ஆங்கிலத்தில் பிள்ளைகளின் முன்னேற்றம் கூடியிருக்கிறது, கணிதத்தில் சொல்லும்படி மாற்றம் இல்லை. நான் கணித வாத்தியார், அதனால் அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

பணம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. கொடுத்தவர் முடிவு செய்தார், வாங்கியவர் கையெழுத்துப் போட்டார், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்களிடம் யாரும் கேட்கவில்லை. செந்தில் தம்பி, உங்கள் டிஸ்ட்ரிக்ட் கடிதமும் அதே ஜாதி. புது கிராண்ட் தேடி அலைவதற்கு முன், அந்த ஆஃப்டர் ஸ்கூலை 20-இலிருந்து 11-க்கு மாற்றுங்கள் என்று கேளுங்கள். கணக்குப்பிள்ளை, முடியுமா முடியாதா?

கணக்குப்பிள்ளை

முடியும் சார். மனசிருந்தால் முடியும். ஃபெடரல் பணத்தில் எதிர்த்திசைதான் சிக்கல், டிஸ்ட்ரிக்ட் தன் காசில் செய்துவந்ததை நிறுத்திவிட்டு ஃபெடரல் காசில் செய்யக் கூடாது. கிராண்டில் தொடங்கியதைப் பொதுப்பணத்துக்கு எடுத்துக்கொண்டால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் 11-இல் ஒன்றைச் சேர்த்தால் 11-இல் இன்னொன்றை வெட்ட வேண்டும், சொத்துவரியை வருடத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏற்ற மாநில வரம்பு பொதுவாக விடாது. நேரம் முக்கியம். கவர்னர் பட்ஜெட் வந்த பிறகு மார்ச்சில் டிஸ்ட்ரிக்ட் வரைவு போடும், ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் பொது விசாரணை. மே மாதம் போய்ப் பேசுவது கல்யாணம் முடிந்து பந்திக்குப் போகிற மாதிரி. மார்ச்சிலேயே போங்கள்.

சின்னதாக ஒரு வழி. உங்கள் டிஸ்ட்ரிக்ட், குறைந்த வருமானப் பிள்ளைகளுக்காக வருகிற டைட்டில் ஒன் என்ற ஃபெடரல் பணம் வருடத்துக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் வாங்கினால், நகர டிஸ்ட்ரிக்ட் என்றால் பெரும்பாலும் வாங்கும், அதில் ஒரு சதவீதமாவது பெற்றோர் பங்கேற்புக்கு ஒதுக்க வேண்டும். அதை எப்படிச் செலவழிப்பது என்பதில் பெற்றோரைச் சேர்த்தாக வேண்டும். ஆஃப்டர் ஸ்கூலுக்கு அது போதாது, அதற்கான பணமும் அல்ல. ஆனால் அந்தக் கூட்டத்தில்தான் உங்களைப் போலவே கடிதம் வந்த மற்றவர்களைப் பார்ப்பீர்கள்.

ஓடைக்கரை செந்தில்

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அஜெண்டா படித்தேன், மனைவி நான் வேலை தேடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். கண்டுபிடித்துவிட்டேன். முதல் மூன்று வருடத் தீர்மானங்களில் எல்லாம் 20-487. அதன்பின் ஒரு தனியார் அறக்கட்டளை பெயர் வருகிறது, பிறகு அதே பெயர் "இறுதி ஆண்டு" என்று. அந்த இரண்டு சொல்லும் போன ஆகஸ்ட் அஜெண்டாவில் 94-ஆம் பக்கத்தில் இருக்கிறது. எங்களுக்குக் கடிதம் வந்தது போன வாரம். ஆக போர்டுக்கு அப்போதே தெரியும்.

ஆசிரியர் ஐந்து பேர், மணிக்கணக்குச் சம்பளம், வருடத்துக்கு எவ்வளவு என்றும் கூட்டிப் பார்த்தேன். அதே அஜெண்டாவில் ஒரு மென்பொருள் சந்தாவுக்கு அதைவிட அதிகமாக 11-இலிருந்து கொடுத்திருக்கிறார்கள். மகளிடம் கேட்டேன், அந்த மென்பொருளை அவள் வகுப்பில் திறந்ததே இல்லையாம்.

மீனா அக்கா, கஸ்டோடியன் ஓவர்டைம் தனி வரியாக இருக்கிறது, நீங்கள் சொன்னதால்தான் தேடினேன்.

மயிலாப்பூர் மீனா

மென்பொருள் விஷயத்தை மேடையில் முதலில் எடுக்காதீர்கள், தற்காப்புக்குப் போய்விடுவார்கள். 94-ஆம் பக்கத்தை அச்சடித்துக் கொண்டு போங்கள். பேச மூன்று நிமிடம்தான் தருவார்கள், எங்கள் ஊரில் முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும், உங்கள் ஊர் விதியைப் பாருங்கள். தனியாகப் போகாதீர்கள். ஸ்பானிஷ் பேசுகிற அம்மாக்கள் இரண்டு பேரை முதலில் பேசச் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்னாடியே எழுதிக் கேட்டு வையுங்கள்.

ஓடைக்கரை செந்தில்

கேட்டு எழுதிவிட்டேன். மார்ச் கூட்டம், மாலை ஏழு மணி. பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்றுதான் இப்போது யோசனை, ஆஃப்டர் ஸ்கூல் ஆறு மணிக்கு முடிந்துவிடுமே.