பின்னால் போகும் அம்பு

பெரியப்பா (7:42): வீட்டு வரிக்கு ஒரு தளத்தில் விவரமெல்லாம் நிரப்பினேன். நாற்பது நிமிடம். கடைசியில் கதவு எண்ணைத் தப்பாகப் போட்டது தெரிந்தது. பின்னால் போகும் அம்பை ஒரே ஒரு தடவை அழுத்தினேன். நேரே கூகுளில் போய் நிற்கிறது. திரும்பி வந்தால் முழுக்கக் காலி.

தம்பி (7:44): பேக் அழுத்தினீர்களா? 😂

பெரியப்பா (7:45): சிரிக்காதேடா. முதல் பக்கம், இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம் என்று ஒழுங்காகத்தான் வந்தேன். ஒரு பக்கம் பின்னால் போனால் போதாதா?

நான் (7:51): உங்கள் தப்பில்லை பெரியப்பா. நீங்கள் பார்த்தது மூன்று பக்கம் இல்லை. ஒரே பக்கம், மூன்று தடவை வேஷம் மாற்றியிருக்கிறது.

பெரியப்பா (7:52): புரியவில்லை பாப்பா.

நான் (7:58): பழைய தளங்களில் நீங்கள் எதை அழுத்தினாலும் சர்வர், அதாவது தளத்தை வைத்திருக்கும் கணினி, ஒரு முழுப் பக்கத்தைத் தயார் செய்து அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி. பிரவுசர் அதை வரிசையாக ஞாபகம் வைத்திருக்கும், அம்பு அதில் ஒரு படி பின்னால் போகும். இப்போது நிறைய தளங்கள் முதலில் ஒரு காலிச் சட்டத்தையும் ஒரு மூட்டை ஜாவாஸ்கிரிப்டையும் (பிரவுசருக்குள் ஓடும் நிரல்) இறக்கிவிடுகின்றன. அப்புறம் பக்கத்தைக் கட்டுவதெல்லாம் உங்கள் போனுக்குள்தான். வேண்டிய தகவலை மட்டும் சர்வரிடம் கேட்டு வாங்கி, திரையில் அந்த இடத்தை மட்டும் மாற்றும். முகவரி மாறவில்லை என்றால், நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்பதாகத்தான் பிரவுசருக்குக் கணக்கு.

அம்மா (7:59): மாமா, முதலில் சாப்பிடுங்கள். வரி எங்கேயும் ஓடாது.

சித்தி (8:03): எதற்கு இந்த வேலை? பழையது நன்றாகத்தானே இருந்தது.

நான் (8:09): மேப்பை விரலால் இழுத்து இழுத்துப் பார்க்கிறீர்களே சித்தி, அதற்குத்தான். 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ் வருவதற்கு முன்னால், கொஞ்சம் கிழக்கே பார்க்க வேண்டும் என்றால் பெரும்பாலும் ஓரத்தில் இருக்கும் அம்பை அழுத்திவிட்டு முழுப் பக்கமும் மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு தெருவைத் தேடுவதற்குள் காபி ஆறிவிடும்.

தம்பி (8:10): அப்படியானால் கூகுள் கண்டுபிடித்ததா?

நான் (8:14): அதுதான் வேடிக்கை. மைக்ரோசாஃப்ட். அவுட்லுக் மெயிலை பிரவுசரில் காட்டுவதற்காகச் செய்த ஒரு சின்ன வசதி, 1999இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5இல் வந்தது. பக்கத்தை மாற்றாமலே பின்னணியில் சர்வரோடு பேசும். அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் வந்து, அடுத்து மேப்ஸும் வந்த பிறகுதான் எல்லோருக்கும் அதன் மேல் ஆசை வந்தது. 2005இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் கேரட் என்ற வடிவமைப்பாளர் அதற்கு ‘அஜாக்ஸ்’ என்று பேர் வைத்தார்.

பெரியப்பா (8:16): சரி. என் வீட்டு வரி என்ன மேப்பா? இழுத்தா பார்க்கப் போகிறேன்?

நான் (8:21): இதையேதான் நான் ஆபீசில் சொல்லிச் சண்டை போடுகிறேன்! பெயர், கதவு எண், தொகை. இதற்குச் சாதாரணப் பக்கங்கள் போதும். சின்ன போனில் அந்த மூட்டையைப் பிரித்து ஓட்டுவதற்கே நேரமாகும், பாதியில் சிக்னல் போனால் வெள்ளைத் திரைதான். ட்விட்டரே பட்டுத் தெரிந்துகொண்டது. 2010இல் எல்லாவற்றையும் பிரவுசரில் ஓடும்படி மாற்றினார்கள். 2012இல் சர்வரிலேயே பக்கம் தயாரிக்கும் முறைக்குத் திரும்பினார்கள். முதல் பக்கம் வரும் நேரம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது என்று அவர்களே எழுதினார்கள்.

தம்பி (8:23): ஒரேயடியாகப் பேசாதே அக்கா. நான் இப்போது லேப்டாப்பில் வாட்ஸ்அப் வெப்பில்தான் இருக்கிறேன். பழைய முறை என்றால் சித்தியின் ஒவ்வொரு குட் மார்னிங்குக்கும் நான் ரிஃப்ரெஷ் அழுத்த வேண்டும்.

சித்தி (8:24): அப்படியாவது ஒழுங்காகப் பார்ப்பாய்.

நான் (8:26): அரட்டைக்கும் மேப்புக்கும் வேண்டும்தான்டா. நான் படிவத்தைச் சொல்கிறேன்.

பெரியப்பா (8:28): அம்புக்கு மருந்தே இல்லையா?

நான் (8:31): இருக்கிறது. வலைப் பக்கங்களை எழுதும் மொழியின் ஐந்தாம் பதிப்பு ஹெச்டிஎம்எல்5. அதனுடன் ‘புஷ்ஸ்டேட்’ என்று ஒன்று வந்தது. பக்கம் மாறாமலே ஒவ்வொரு படிக்கும் ஒரு முகவரி கொடுத்து பிரவுசரின் ஞாபகத்தில் சேர்த்துவிடலாம். ஆனால் அதை நாங்கள் உட்கார்ந்து எழுத வேண்டும். முன்பு சும்மா கிடைத்தது இப்போது தனி வேலை. உங்கள் தளத்தை எழுதியவர் விட்டுவிட்டார் போல.

நான் (8:33): ஒரு லிங்க் அனுப்புகிறேன், திறந்து பாருங்கள். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் உலகத்துக்குத் திறந்துவிட்ட முதல் தளம். அவர் அப்போது வேலை பார்த்த செர்ன் ஆய்வகம் அதைப் பழைய முகவரியிலேயே மறுபடி வைத்திருக்கிறது.

பெரியப்பா (8:47): பார்த்தேன். படம் கிடம் எதுவும் இல்லை, வெறும் எழுத்து. சட்டென்று திறந்தது. உள்ளே உள்ளே போய் ஐந்து தடவை அம்பை அழுத்தினேன். ஐந்து தடவையும் ஒழுங்காகத் திரும்பி வந்தது.

அம்மா (8:48): வரி கட்டியாச்சா மாமா?

பெரியப்பா (8:50): எல்லாவற்றையும் ஒரு பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டு இப்போது உட்காருகிறேன். ஒன்பதரை வரைக்கும் யாரும் எனக்குப் போன் செய்யாதீர்கள்.