மெத்தடுக்குள் எடை மாறுகிறது, விலை மாறவில்லை: ஏன்?

கேள்வி (ஈரோடு):
வணக்கம். மஞ்சள் மண்டி ஒன்றுக்காக ஜாவா நிரல்மொழியில் சிறிய கணக்கு நிரல் எழுதி வருகிறேன். மூட்டை என்ற கிளாஸின் (வார்ப்புரு) ஆப்ஜெக்ட் ஒன்றையும் (அந்த வார்ப்புருவில் உருவான பொருள்) இன்ட் (முழு எண்) வகை விலையையும் ஒரே மெத்தடுக்கு (பெயர் சொல்லி அழைக்கும் கட்டளைத் தொகுதி) அனுப்பி, உள்ளே எடையை 65இலிருந்து 64 ஆகவும், விலையை 12000இலிருந்து 12500 ஆகவும் மாற்றினேன். திரும்பி வந்து பார்த்தால் எடை மாறியிருக்கிறது. விலை பழையபடியே நிற்கிறது. பிரிமிட்டிவ் (எண், எழுத்து போன்ற அடிப்படை வகை) மதிப்பாகவும் ஆப்ஜெக்ட் ரெஃபரன்ஸாகவும் (நகலின்றி மூலமாகவே) செல்லும் என்று வகுப்பில் சொன்னார்கள். அது சரியென்றால், அதே மெத்தடுக்குள் நியூ என்ற கட்டளை கொண்டு புதிய மூட்டையை உருவாக்கி அந்தப் பாராமீட்டரிலேயே (மெத்தடுக்கு வரும் மதிப்பை வைக்கும் மாறி) வைத்த பிறகும் வெளியே பழைய மூட்டையே இருப்பது எப்படி?

மறுமொழி (கோவை):
வகுப்பில் சொன்னதில்தான் பிழை. ஜாவா எதை அனுப்பினாலும் மதிப்பின் நகலையே அனுப்புகிறது. இன்ட், டபுள், பூலியன் உள்ளிட்ட 8 பிரிமிட்டிவ் வகைகளில் அந்த மதிப்பு எண்ணோ எழுத்தோ உண்மை பொய்யோதான், ஆப்ஜெக்ட் வகை மாறியிலோ அது ஆப்ஜெக்ட் இருக்கும் இடத்தைச் சுட்டும் ரெஃபரன்ஸ். உங்கள் மண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். கிடங்கில் மூட்டைகள் அடுக்கிய அட்டியின் எண் எழுதிய சீட்டை நகலெடுத்து ஒருவரிடம் கொடுத்தால், அவர் அதைப் பார்த்துப் போய் அதே அட்டியிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவிடலாம். அந்தக் குறைவு உங்களுக்கும் குறைவுதான். ஆனால், அவர் தம் கையிலுள்ள நகலில் எண்ணை அடித்துவிட்டு வேறு எண்ணை எழுதினால், உங்கள் சீட்டில் எதுவும் மாறாது. நீங்கள் நியூ கொண்டு செய்தது இந்த இரண்டாவது வேலை.

மறுமொழி (திருப்பூர்):
சி++ மொழியில் பாராமீட்டருக்கு முன் & குறியிட்டால் அழைத்தவரின் மாறியையே மாற்ற முடியும்; ஜாவாவில் அதற்கு வழியில்லை. இரண்டு மாறிகளை இடம் மாற்றும் ஸ்வாப் மெத்தட் எழுதிப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். இன்ட்டுக்குப் பதில் இன்டிஜர் (முழு எண்ணைப் பொதிந்த) ஆப்ஜெக்ட்டை அனுப்பினால் சரியாகிவிடும் என்று நானும் ஒருகாலத்தில் நம்பினேன். இன்டிஜரும் ஸ்ட்ரிங்கும் (எழுத்துச் சரம்) உருவான பின் உள்ளே மாற்ற முடியாதவை என்பதால், கூட்டினாலும் ஒட்டினாலும் பாராமீட்டர் வேறொரு ஆப்ஜெக்ட்டைச் சுட்டத் தொடங்குமே ஒழிய, பழையது அப்படியே இருக்கும். புதிய விலையை ரிட்டர்ன் செய்து (திருப்பி அனுப்பி), அழைத்த இடத்தில் வாங்கி வையுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. சீட்டு உவமையில் தெளிந்துவிட்டது. விலையை ரிட்டர்ன் செய்தேன், 12500 வருகிறது. அரே (ஒரே வகை மதிப்புகளின் வரிசை) எப்படி?

மறுமொழி (கோவை):
அரேயும் ஆப்ஜெக்ட்தான். உள்ளே இருக்கும் உறுப்பை மாற்றினால் வெளியே தெரியும். பாராமீட்டரில் புதிய அரேயை வைத்தால் தெரியாது. தெரியாமல் இப்படி வைத்துவிடுவதைத் தடுக்க, பாராமீட்டரை ஃபைனல் (மறுபடி மதிப்பு வைக்க முடியாதது) என்று அறிவித்தால் கம்பைலரே (நிரலை மொழிமாற்றும் மென்பொருள்) பிழை காட்டும்.